கடலுக்குக் கொடுக்க வேண்டிய கொடி

ஜெனிற்றாவுக்கு வாய் கொஞ்சம் கூட. அதை அவளே ஒப்புக்கொள்வாள். குருநகரில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் பிறந்து, அதே ஒழுங்கையில் வாழ்க்கைப்பட்டு, விடிந்தால் நண்டுக் கொம்பனிக்குப் போய், அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிறவள். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை அது. கதைக்காமல் நின்றால் கால் வலிதான் மிஞ்சும் என்று அங்கே எல்லாப் பெண்களும் வாய் ஓயாமல் கதைப்பார்கள். அதிலும் ஜெனிற்றாவின் குரல் வாசலில் நிற்கிற காவலாளிக்கும் கேட்கும். ஆனால் யாராவது அவள் வயிற்றைப் பார்த்து, "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டால், அந்த வாய் அடைத்துப்போகும். கையிலிருக்கிற நண்டுக்காலை இன்னும் பலமாக நெரிப்பாள்.

ஒழுங்கைச் சனம் கெட்ட சனம் இல்லை. ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்தால் ஒன்பது வீடு வாளியோடு ஓடி வரும். ஆனால் கலியாண வீட்டில் பொம்பிளைக்குக் கூறை உடுத்துகிற நேரம், "ஜெனி, நீ ஒருக்காக் குசினியைப் பார்" என்று நைசாக அனுப்பிவிடும். அவளும் ஒன்றும் தெரியாதவள் போல் போய்ப் பருப்பைக் கிண்டுவாள். கலியாணம் கட்டிப் பத்து வருடத்துக்கு மேலாக அப்படிக் கிண்டின பருப்பு எத்தனை கிடாரம் என்று யார் கண்டது.

அவள் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகாமல் இருந்தாள் என்றும் இல்லை. எல்லாச் சோதனையும் செய்தாள். "உங்களிலை பிழை ஒண்டும் தெரியேல்லை அம்மா. அடுத்த முறை மனுசனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார் டொக்டர். அந்த அடுத்த முறைதான் வந்தபாடில்லை. அவள் புருசன் லெனாட் நல்லவன். குடி இல்லை, அடி இல்லை. அலை கிளப்புகிற கச்சான் காற்றிலும் கடலுக்குப் போகிற துணிச்சல்காரன். ஆனால் கிளினிக் என்ற சொல்லைக் கேட்டால் அவனுக்கு உடனே தைக்க ஒரு வலை வந்துவிடும். "எனக்கென்ன வருத்தமே? நான் ஏன் அங்கை போய் வரிசையிலை நிக்க வேணும்?" என்பான். அதற்கு மேல் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போவான்.

இந்தக் கதை நடக்கிற நேரம் லெனாட்டின் தம்பி கொலின்ஸுக்கு ஆண் பிள்ளை பிறந்து ஒரு கிழமைதான். அண்ணனும் தம்பியும் ஒரே போட்டில் தொழிலுக்குப் போகிறவர்கள். வீடுகளும் ஒழுங்கையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். கொலின்ஸின் மனுசி ஷெரோன் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள்: "ஞானத்தாய் நீங்கள்தான் மச்சாள்."

ஷெரோனின் தாய் மார்கிரட் அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை இல்லாதவள் ஞானஸ்நானத்தொட்டியடியில் பிள்ளையை ஏந்தி நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மகளின் பிடிவாதம் தெரிந்தவள் என்பதால் வாய் திறக்கவில்லை. ஜெனிற்றாவுக்கு அன்றைக்கு நிலத்தில் கால் பாவவில்லை. பளபளக்கிற வெள்ளைச் சற்றின் துணி வாங்கி ஞானஸ்நான உடுப்பைத் தானே தைக்கத் தொடங்கினாள். கழுத்தில் சிப்பி வடிவத்தில் ஒரு லேஸ். அதை மட்டும் மூன்று தரம் பிரித்துத் தைத்தாள்.

பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பாதி நேரம் அங்கேதான். லெனாட் பாலூட்டுகிறவளுக்கென்று பால்சுறா கொண்டு வந்து கொடுப்பான், ஜெனிற்றா அதை உதிர்த்து வறை வறுப்பாள். பிள்ளையை எல்லோரும் குட்டியன் என்று கூப்பிட்டார்கள். குட்டியனின் தொப்புளில் கொடி காய்ந்து கறுத்து, விழுவேனா மாட்டேனா என்று நின்றது.

ஒருநாள் பின்னேரம் பெண்கள் குசினியில் நிற்க, முன்னறையில் லெனாட் பிள்ளையோடு இருந்தான். திடீரென்று குட்டியன் வீரிட்டுக் கத்தினான். ஜெனிற்றா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். லெனாட் பிள்ளையின் துணியைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

"நுளம்பு கடிச்சிட்டுது போலை" என்றான்.

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான். பிள்ளை அழுது ஓய நெடுநேரம் பிடித்தது.

அடுத்த நாள் காலை ஓர் அதிசயம். லெனாட் அவளுக்குக் கதலிப்பழம் கொண்டு வந்தான். கொண்டு வந்ததோடு விடாமல் தானே உரித்து, வாயருகில் நீட்டினான். கட்டின புதிதில்கூட அவன் இப்படி ஊட்டினவன் இல்லை. ஜெனிற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன, இண்டைக்கு மழை வரப்போகுதோ?" என்றாள்.

"விதை ஏதும் கிடக்கும். சப்பாதை, அப்பிடியே முழுங்கு" என்றான் அவன்.

நடுவில் நார் மாதிரி ஏதோ நாக்கில் தட்டுப்பட்டது. அவன் சொன்னபடி விழுங்கினாள். கொம்பனிக்கு இறங்குமுன் அந்தச் சந்தோசத்தோடேயே குட்டியனை ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒழுங்கையைக் கடந்தாள்.

அங்கே வீடு தலைகீழாகக் கிடந்தது. மார்கிரட் பாயை உதறினாள், தலையணை உறையைக் கழற்றி உதறினாள், அலுமாரிக்குக் கீழே தும்புத்தடியை விட்டுத் துழாவினாள். ஷெரோன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் வெளிறிப்போய் இருந்தாள்.

"கொடியைக் காணேல்லை மச்சாள். விடிய வயித்துத் துணி மாத்தேக்கை பாத்தால் இல்லை. துணியிலை ரத்தமும் கிடக்கு."

மார்கிரட் வீட்டில் ஒரு வழக்கம். விழுந்த கொடியை வெள்ளைத் துணியில் முடிந்து மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைப்பார்கள். ஞானஸ்நானம் முடிந்த கையோடு தகப்பன் அதை இடுப்பளவு தண்ணீருக்குள் கொண்டுபோய்க் கடலுக்குக் கொடுக்க வேண்டும். பங்கை முதலே கொடுத்துவிட்டால் கடல் பிறகு ஆளைக் கேட்காது. இதைச் சிரிப்பாக எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். மார்கிரட்டின் மூத்த மகன் சண்டைக்கால இடப்பெயர்வுக்குள், கிளாலிக் கடலேரியைக் கடந்து போய், ஒரு பள்ளிக்கூட மூலையில் பிறந்தவன். அவனுடைய கொடி எங்கே விழுந்தது, யார் கூட்டித் தள்ளினது என்று யாருக்கும் தெரியாது. மீசை அரும்பி, தொழில் பழகி, வீட்டுக்கு உழைக்கத் தொடங்கின வயதில் கடல் அவனை எடுத்தது. உடல்கூடக் கரை சேரவில்லை. அன்றிலிருந்து மார்கிரட்டுக்கு இந்த விசயத்தில் விளையாட்டு இல்லை.

அவள் தும்புத்தடியை விட்டு நிமிர்ந்தாள். ஜெனிற்றாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொடிக்குக் கால் முளைக்காது. எடுத்தவள் எதுக்கு எடுத்தவள் எண்டும் எனக்குத் தெரியும்."

"என்ன மாமி கதைக்கிறியள்?"

"பழத்துக்கை வைச்சுப் பல்லுப் படாமல் முழுங்கினால் வயிறு திறக்குமாம். உனக்குத் தெரியாததே? திறக்கட்டும். ஆனால் பறிகுடுத்த பிள்ளை சோரும். அதையும் யோசிச்சியோ?"

ஜெனிற்றாவுக்கு அந்த நம்பிக்கை தெரியாமல் இல்லை. பிள்ளை இல்லாத பெண்ணுக்கு ஊர் முழுக்க வைத்தியர்கள்தானே. அதையும் இரண்டொருவர் காதுக்குள் சொல்லியிருந்தார்கள். அவள் ச்சீ என்று காறித் துப்பினவள். பழம் என்ற சொல் காதில் விழுந்தபோதுகூட அவளுக்குக் காலையில் தின்ற பழம் நினைவில் வரவில்லை. புருசன் ஊட்டின பழத்தைப் போய் யார் சந்தேகிப்பார்கள்? கோபம் தலைக்கேறி நின்றவள் ஷெரோனைப் பார்த்தாள்.

"நீ சொல்லு ஷெரோன். நான் எடுப்பனே?"

ஷெரோன் பிள்ளையின் தலையைத் தடவினாள். தலை நிமிர்த்தவில்லை. மார்கிரட் சொன்னதைவிட அந்த மௌனம்தான் ஜெனிற்றாவுக்குச் சுட்டது. அவள் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

அன்றைக்குக் கொம்பனியில் அவள் வாயே திறக்கவில்லை. அவள் வேலை முடிந்து வருமுன் கதை ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் அவளைக் கண்டதும் வாளியைப் பார்த்தார்கள். இரவு லெனாட்டிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "உங்கடை மனுசியைக் களவெடுத்தவள் எண்டு சொல்லினம். போய் ஒரு வார்த்தை கேக்க மாட்டியளோ?" என்றாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "விடு ஜெனி. பொம்பிளையளின்ரை கதை. ரண்டு நாளிலை அடங்கிப்போகும்" என்றான். அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு அவள் விழித்துக் கிடந்தாள். விடியப்புறம் அவன் வழமையைவிட வெள்ளெனவே கடலுக்குப் போய்விட்டான்.

காலையில் எதிர்வீட்டிலிருந்து குட்டியனின் அழுகை கேட்டது. அழுகை என்றும் சொல்ல ஏலாது, பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம். ஜெனிற்றாவுக்கு வீம்பெல்லாம் எங்கே போனதோ, ஓடிப்போய் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

பிள்ளை வாடின வெற்றிலை போல ஷெரோனின் மடியில் கிடந்தது. பால் வாயில் வைத்தும் சூப்பவில்லை. தொப்புளைச் சுற்றி ஒரு சதக் குற்றிக் காசளவு சிவப்பு. யன்னலுக்கு வெளியே நின்றவளுக்கே மணம் அடித்தது. பழுதான நண்டை ஓடு உடைக்க முதலே மூக்கு காட்டிக் கொடுக்கும். அந்த மணத்தை நாள்தோறும் முகர்கிறவள் அவள்.

"ஷெரோன், பிள்ளைக்கு நெருப்பாய்க் காயுதே? தொப்புள் பழுக்குது. வெளிக்கிடு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

மார்கிரட் யன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் சொன்னனான்தானே, பிள்ளை சோருமெண்டு. எடுத்தவள் ஒத்துக்கொள்ளாமல் எந்த மருந்தும் பிடிக்காது."

"மருந்து குடுத்துப் பாருங்கோவன் மாமி. பிறகு என்னைத் தூக்கிலை போடுங்கோ."

"நீ இந்த வீட்டுக்கை கால் வைக்கக் கூடாது. பிள்ளையைத் தொடவும் கூடாது. அந்தோனியாருக்கு முன்னாலை மெழுகுதிரி பிடிச்சுச் சத்தியம் பண்ணு. பிறகு வா."

ஷெரோன் தாயையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். கொலின்ஸ் கடலில். அவள் தனியே முடிவெடுத்துப் பழகாத பெண். தமையன் போன நாளிலிருந்து தாயின் பயத்துக்குள்ளேயே வளர்ந்தவள். பிள்ளையின் வாய் ஓரத்தில் ஒரு துளி பால் வழிந்து கழுத்துக்குப் போனது. விழுங்கத் தெம்பில்லை.

ஜெனிற்றாவுக்கு மார்கிரட்டோடு மல்லுக்கட்டவும் தெரியும். சத்தம் போட்டால் ஒழுங்கையே கூடும். கூடினால் விசாரணை, பஞ்சாயம், ஆளுக்கொரு கதை. அதற்குள் பிள்ளை என்னாகும்? சத்தியம் பண்ணுவதுதான் கெதியான வழி என்று அவள் கணக்குப் போட்டாள். அந்தோனியார் கூடு ஒழுங்கை முடிகிற சந்தியில். ஓட்டோக்கள் நிற்பதும் அங்கேதான்.

"சரி. பண்ணுறன். ஆனால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாங்கோ. சத்தியம் முடிஞ்ச கையோடை ஓட்டோவிலை ஏறோணும்."

மார்கிரட் பிள்ளையைத் துவாயில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஷெரோன் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால். ஜெனிற்றா கடைசியாக. வாசல்களில் சனம் நின்றது. பிள்ளையின் முனகல் சத்தம் கூட நின்றுபோனதை ஜெனிற்றா கவனித்தாள். அவளுடைய நடை ஓட்டமானது.

கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார் பாலன் இயேசுவை ஏந்திக்கொண்டு நின்றார். காணாமல் போனதைக் காட்டிக் கொடுக்கிற புனிதர். அவர் காலடியில் பொய்ச்சத்தியம் பண்ணினவர்கள் நல்லாயிருந்ததாகக் குருநகரில் யாரும் சொல்லமாட்டார்கள். ஜெனிற்றாவுக்குப் பயம் இல்லை. ஆத்திரம் மட்டும்தான் இருந்தது. மெழுகுதிரி காற்றுக்குப் பற்ற மறுத்தது. கையால் மறைத்து இன்னொரு குச்சி கிழித்தாள். அது பற்றியது. வலது கையைத் தூக்கினாள்.

"அந்தோனியாரே, குட்டியன்ரை கொடியை நான்..."

"சத்தியம் பண்ணாதை, ஜெனி."

லெனாட். கடற்கரைப் பக்கமிருந்து ஓடி வந்திருந்தான். சாரம் முழங்காலுக்கு மேல் நனைந்து ஒட்டிக் கிடந்தது. போட் கரை தட்டினவுடனே யாரோ செய்தி சொல்லியிருக்க வேண்டும். பின்னால் கொலின்ஸ் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"ஏன் பண்ணக் கூடாது? நான் எடுக்கேல்லை" என்றாள் ஜெனிற்றா.

"நீ எடுக்கேல்லை." அவன் அந்தோனியாரைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "நான் எடுத்தனான். ஆனால் அது உன்ரை வயித்துக்கைதான் கிடக்கு. சத்தியம் பண்ணினால் உனக்குப் பழுது."

ஜெனிற்றாவின் தூக்கின கை தூக்கினபடியே நின்றது. சப்பாதை, அப்பிடியே முழுங்கு. நாக்கில் தட்டுப்பட்ட நார். பத்து வருடத்தில் ஒரு நாள் ஊட்டின பழம். அந்தப் பழத்தை நினைத்து அவள் ஒழுங்கையைச் சிரித்துக்கொண்டு கடந்தாளே.

"விழுந்து கிடந்ததோ?" என்று கேட்டாள்.

"இல்லை. விழுறமாதிரி நிண்டுது. நான்... கொஞ்சம் இழுத்தனான்."

கொலின்ஸ் அண்ணனின் சேட்டுக் கழுத்தைப் பிடித்தான். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று ஜெனிற்றாவுக்குத் தெரியாது. அவள் பார்க்க நிற்கவில்லை. மார்கிரட்டின் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். மார்கிரட் தடுக்கவில்லை. துவாயையும் தாண்டிப் பிள்ளையின் சூடு ஜெனிற்றாவின் நெஞ்சில் பட்டது. ஓட்டோவில் ஏறி ஷெரோனைக் கையைப் பிடித்து இழுத்தாள். புறப்பட்ட ஓட்டோவில் மார்கிரட்டும் எப்படியோ தொற்றி ஏறிக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர் துணியை விலக்கிப் பார்த்தார். முகம் மாறியது. தாதி மிஸிமார் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"கொடி தானா விழுந்ததோ?"

ஷெரோன் விம்மினாள். மார்கிரட் சுவரைப் பார்த்தாள். ஜெனிற்றா பதில் சொன்னாள்.

"இல்லை டொக்டர். பிடுங்கினது."

"ஆர் பிடுங்கினது?"

"என்ரை மனுசன்."

டொக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. "காயத்தாலை கிருமி ஏறியிருக்கு. ரத்தத்துக்கும் போயிருக்கலாம். இப்ப ஒண்டும் சொல்லேலாது" என்றுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தாயை மட்டும் உள்ளே விட்டார்கள்.

வெளியே ஒரு வாங்கு. அதன் ஒரு நுனியில் மார்கிரட், மற்ற நுனியில் ஜெனிற்றா. நடுவில் மூன்று பேர் இருக்கலாம், யாரும் இருக்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு தலைகளும் சேர்ந்து நிமிர்ந்தன.

இடையில் ஒருதரம் ஜெனிற்றா எழும்பிப்போய்த் தண்ணீர்க் குழாயடியில் விரலை விட்டு ஓங்காளித்தாள். தண்ணீர்தான் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு குனிந்து நின்றபோது, உள்ளே எங்கேயோ ஒரு மூலையிலிருந்து ஒரு நினைப்பு மெல்லத் தலைநீட்டியது: ஒருவேளை பலித்துவிட்டால்? அவளுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது. உள்ளே பிள்ளை உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்க, இது என்ன மனம், இது என்ன மனம் என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். லெனாட் செய்ததைவிட இந்த நினைப்புத்தான் அவளுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து இருந்தபோது மார்கிரட் கேட்டாள்.

"உண்மையா உனக்குத் தெரியாதோ பிள்ளை?"

"கதலி விதை எண்டு முழுங்கினனான் மாமி."

மார்கிரட் செபமாலையை உருட்டினாள். "அவன் என்ரை மூத்தவன், நல்லா நீந்துவான்" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பென்று ஜெனிற்றா கேட்கவில்லை. வாங்கின் நடுவுக்கு நகர்ந்து இருந்தாள்.

அன்றும் அடுத்த நாளும் டொக்டர் ஒரே பதிலைத்தான் சொன்னார். இப்ப ஒண்டும் சொல்லேலாது. பிள்ளையின் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் தலையில் ஏற்றினார்கள் என்று ஷெரோன் வந்து சொல்லி அழுதாள். மற்ற நாள் மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் அழவில்லை. "மச்சாள், பால் குடிச்சிட்டான். இழுத்துக் குடிச்சான்" என்றாள். ஜெனிற்றாவின் தோளில் முகத்தை வைத்தாள். "அண்டைக்கு நீங்கள் கேக்கேக்கை நான் வாய் திறந்திருக்க வேணும்."

"ஓம், திறந்திருக்க வேணும்" என்றாள் ஜெனிற்றா. அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஆனால் ஷெரோனின் முதுகைத் தடவின கையை எடுக்கவும் இல்லை.

அதற்குள் ஜெனிற்றாவுக்கு மாத விலக்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் நின்று அவள் அழுதாள். பிறகு, இந்தக் கண்ராவிக்காகவா இவ்வளவும் என்று சிரித்தாள்.

லெனாட் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒவ்வொரு நாளும் வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. கொலின்ஸின் கை வேலை. உள்ளே வரத் துணிவில்லாமல் சோற்றுப் பார்சலைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஜெனிற்றா வீட்டுக்குத் திரும்பின பிறகும் அவனோடு கதைக்கவில்லை. சோறு வைப்பாள், அப்பால் போய்விடுவாள். வாய் கூடின பெண் வாயை மூடினால் வீடு எப்படியிருக்கும் என்று லெனாட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒருநாள் தாங்க மாட்டாமல், "உனக்கொரு பிள்ளை வேணுமெண்டுதானே செய்தனான்" என்றான்.

அவள் உடுப்புக்கு லேஸ் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தினாள்.

"எனக்கொரு பிள்ளை வேணுமெண்டால் நீங்கள் செய்ய வேண்டியது ஒண்டே ஒண்டுதான் இருந்தது. ஒரு காலமை வந்து கிளினிக் வரிசையிலை நிக்கிறது. அது வெட்கம். பச்சைப் பிள்ளையின்ரை தொப்புளைப் பிடுங்கி, கட்டினவளுக்கு ஏமாத்தி ஊட்டுறது வெட்கம் இல்லை. என்ன?"

ஊசி திரும்ப ஓடத் தொடங்கியது.

குட்டியன் தேறி வீட்டுக்கு வந்து, சதை பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஞானத்தாய் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஷெரோன் கோயில் வாசலில் வைத்தே பிள்ளையை ஜெனிற்றாவின் கையில் கொடுத்தாள். பங்குச் சுவாமியார் பெயர் கேட்க, "சிமியோன்" என்று அவள் சொன்ன குரல் கடைசி வாங்குவரைக்கும் கேட்டது. தண்ணீர் பட்டதும் சிமியோன் கோயில் அதிரக் கத்தினான். ஜெனிற்றா அதைக் கேட்டுக் கண் கலங்கினாள். பூனைக்குட்டிச் சத்தம் இல்லை, நல்ல திடமான கத்தல்.

கோயிலால் வந்த சனம் வழக்கப்படி கடற்கரைக்கு நடந்தது. கொலின்ஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றான். கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லெனாட் எல்லாருக்கும் பின்னால், கட்டிப்போட்ட வள்ளம் ஒன்றின் நிழலில் நின்றான். மார்கிரட் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டும் குடுக்காமல் போகேலாது. ஒருக்கா அப்பிடிப் போய்த்தான்..." அவள் முடிக்கவில்லை. திரும்பி ஜெனிற்றாவைப் பார்த்தாள். அதே மேலும் கீழுமான பார்வை. ஆனால் இப்போது அதில் கெஞ்சல் இருந்தது. "உன்ரை வயித்துக்கை போனதுதானே பிள்ளை. நீ ஒருக்கா இறங்கன்."

ஜெனிற்றா இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. விழுங்கினது எங்கே போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லச் சொன்னால் எல்லாருக்கும் முன்னால் சொல்லவும் செய்வாள். வாய்வரைக்கும் வந்தது. மார்கிரட்டின் முகத்தைப் பார்த்தாள். கரை சேராத மகனை அந்தக் கிழவி இன்னும் இந்தத் தண்ணீரில்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் பிள்ளையை ஷெரோனிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றி விட்டாள். புதுச் சேலையோடு இறங்கினாள்.

குருநகர்க் கடல் எடுத்தவுடன் ஆழம் காட்டுகிற கடல் இல்லை. கணுக்கால் தண்ணீரிலும் முழங்கால் தண்ணீரிலும் கன தூரம் நடக்க வேண்டும். சேறு காலைப் பிடித்தது, சிப்பி குத்தியது. கலியாண வீடுகளில் குசினிக்கு அனுப்பின சனம் எல்லாம் கரையில் நின்று அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது அவள் நின்றாள். என்ன சொல்லிக் கொடுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"இந்தா" என்றாள் கடலுக்கு. "குடுத்தாச்சு. இனி அவனைக் கேக்கக் கூடாது."

அவள் கரைக்குத் திரும்பி வரவும் போன அளவு நேரம் எடுத்தது. மார்கிரட் ஓடி வந்து துவாயால் அவளைச் சுற்றினாள். நனைந்த வயிற்றில் கையை வைத்து, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள். ஷெரோன் பிள்ளையை நீட்டினாள். "ஈரம், பொறு" என்றாள் ஜெனிற்றா. அப்போதுதான் தன் செருப்பைத் தேடினாள்.

லெனாட் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். குனிந்து அவள் காலடியில் வைத்தான். அவள் காலை நுழைத்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான் இறங்கிப்போட்டு வந்திட்டன்" என்றாள். கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. "திங்கக்கிழமை கிளினிக். நான் கூட வரமாட்டன். தனியாப் போய் வரிசையிலை நில்லுங்கோ."

சனம் அவனைப் பார்த்தது. தம்பி பார்த்தான். லெனாட் ஒருதரம் எச்சிலை விழுங்கினான்.

"ஓம்" என்றான்.